அளவுச் சட்டை

ஆள் பாதி ஆடை பாதி என்பார்கள். என் அக்கா வீட்டுக்காரர் விஷயத்தில் ஆள் கால், ஆடை முக்கால். தோள் தையல் தோளைத் தாண்டி இறங்கிக் கையில் போய் நிற்கும். காலருக்குள் இன்னொரு கழுத்துக்கு இடம் இருக்கும். முழுக்கைச் சட்டைதான், ஆனால் அதை முழுக்கையாக யாரும் பார்த்ததில்லை. நாலு மடிப்பு மடித்து முழங்கைக்குக் கீழே இறுக்கி வைத்திருப்பார். தெருவில் அவருக்குப் பெயரே மடிச்சகை. எந்நேரமும் வேலைக்குத் தயாராக இருக்கிற மனுஷன் என்று அந்த மடிப்புக்கு ஒரு மரியாதைகூட உண்டு. தயாராக இருந்தது உண்மைதான். மடித்ததற்குக் காரணம் மட்டும் அது இல்லை.

அவரும் அவருடைய அண்ணனும் தராசு பழுது பார்க்கிறவர்கள். கடைவீதியில் அவர்களுடைய கடை முன்னால் ஒரு மேசை, பின்னால் ஓர் அறை, அவ்வளவுதான். மேசையில் பெரியவர், அறையில் சின்னவர். வீட்டிலும் கடையிலும் அவர்களுக்கு அதுதான் பெயர், நானும் அப்படியே சொல்லிவிட்டுப் போகிறேன்.

பெரியவர் ஆறடி. முதலில் வயிறு வரும், பின்னால் அவர் வருவார். குரலுக்கு ஒலிபெருக்கி தேவையில்லை. சட்டைக்குப் பொத்தான் போடுகிற பழக்கமே கிடையாது. பனியனுக்கு மேலே கோட்டு மாதிரி திறந்து விட்டிருப்பார், கையையும் ஏற்றி மடித்திருப்பார். வாடிக்கைக்காரர்களுக்கு அது ஒரு தோரணை. எனக்கு அது திமிர் என்று பட்டது. ஏன் மறைக்க வேண்டும், எனக்கு அவரைப் பிடிக்காது. யார் தராசு கொண்டு வந்தாலும் பேசுவது அவர்தான். "சின்னவன் உள்ளே பார்த்துப்பான்" என்று சொல்லிவிட்டு, சின்னவர் பார்த்த வேலைக்கு அவர் விளக்கம் கொடுப்பார். கைதட்டல் முன்னறைக்கு, கரி பின்னறைக்கு.

பின்னறையில் சின்னவர், அதாவது என் மாமா, இரும்புத் தராசிலிருந்து எலெக்ட்ரானிக் தராசு வரை எல்லாவற்றையும் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருப்பார். நகைக்கடைத் தராசு வந்தால் மின்விசிறியை நிறுத்திவிடுவார். எடைக்கல்லை இடுக்கியால் எடுத்துத் தட்டில் வைத்துவிட்டு, எண் நிற்கிறவரை மூச்சை அடக்கிக்கொண்டிருப்பார். மூச்சுக்காற்றில் எண் ஆடுமாம். ஊரில் உள்ள எல்லாச் சாமானையும் சரியாக நிறுக்க வைத்த அந்த மனுஷனைத்தான் நாற்பத்தொன்பது வயது வரைக்கும் ஒருத்தரும் ஒரு டேப் வைத்து அளந்து பார்க்கவில்லை.

அதற்குக் காரணம் அளவுச் சட்டை. தையல்காரரிடம் போகிறபோது உடம்பைக் காட்டாமல் ஒரு பழைய சட்டையைக் காட்டி, இதே மாதிரி தைத்துக் கொடுங்கள் என்கிறோமே, அதுதான். அந்த வீட்டில் ஒரே ஓர் அளவுச் சட்டைதான். அது தையல்காரர் கடையிலேயே, அலமாரியில் கிடந்தது. வருஷத்துக்கு ஒருமுறை வீட்டில் ஒரே துணியில் பத்து, பன்னிரண்டு மீட்டர் எடுத்துக் கொடுப்பார்கள். தையல்காரர் ஒரே மாதிரி ஆறு சட்டை தைத்துக் கொடுப்பார். மூன்று அண்ணனுக்கு, மூன்று தம்பிக்கு. எது யாருடையது என்ற பேச்சே இல்லை. கைக்கு வந்த மூன்றை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

கல்யாணமான புதிதில் என் அக்கா கேட்டிருக்கிறாள். "ஏங்க, சட்டை இப்படித் தொளதொளன்னு இருக்கே?"

"அண்ணன் அளவு" என்றாராம்.

"உங்க அளவுக்குத் தைக்கச் சொல்லக் கூடாதா?"

"அண்ணன் அளவுக்குத் தைக்கிறது பிடிக்கலைன்னு ஆயிடாதா? விடு."

விட்டுவிட்டாள். இருபது வருஷம் ஓடிவிட்டது.

ஒரு நாள் மத்தியானம் மாமா என் அலுவலகத்துக்கே வந்து நின்றார். நான் காப்பீட்டு அலுவலகத்தில் குமாஸ்தா. கடை திறந்திருக்கிற நேரத்தில் அவர் அந்த வீதியைத் தாண்டி வந்து நான் பார்த்ததே இல்லை. யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று பதறிப்போய் எழுந்தேன்.

"ஒண்ணுமில்லை மாப்ளே. லெட்டர் ஏதாவது வந்ததா?"

வந்திருந்தது. சாயங்காலம் கொடுக்கலாம் என்று என் மேசை இழுப்பறையில்தான் வைத்திருந்தேன். ஆறு மாதத்துக்கு முன்னால் தொழிற்பயிற்சி நிலையத்தில் தராசு பழுது சொல்லிக்கொடுக்க ஆள் கேட்டு விளம்பரம் வந்தபோது, என் வீட்டு விலாசத்தைப் போட்டு விண்ணப்பம் அனுப்பியிருந்தார். கடைக்கு வந்தால் அண்ணன் பிரிப்பார், வீட்டுக்கு வந்தால் அக்கா பிரிப்பாள். நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். பன்னிரண்டு நாள் இருந்தது.

கடிதத்தை இரண்டு முறை படித்தார். கடைசி இரண்டு வரியில் விரலை வைத்தார். முறையான உடையில், முழுக்கைச் சட்டை அணிந்து வரவும். இப்போது பணிபுரியும் இடத்திலிருந்து அனுபவச் சான்று கொண்டு வரவும்.

"முறையான உடைன்னா என்ன மாப்ளே?"

"நான் போட்டிருக்கேனே, இது மாதிரி."

என்னை மேலும் கீழும் பார்த்தார். "இதுல என்ன முறை இருக்கு?" என்றார். மச்சினனைக் கேலி பண்ண அவருக்கு எந்தக் கவலையிலும் நேரம் இருக்கும்.

"மாமா, சட்டை வாங்கிடலாம். அந்தச் சான்று இருக்கே, அதை அவர்கிட்டதானே கேட்கணும்?"

கேலி நின்றுபோனது. "அதைத்தான் யோசிக்கிறேன்" என்றார்.

எதற்கு இந்த வயதில் இந்த ஆசை என்று நான் முன்பே கேட்டிருந்தேன். அந்தப் பயிற்சி நிலையத்துத் தராசு ஒன்று பழுதாகி, சரிசெய்து கொண்டுபோய்க் கொடுக்க அவர் போயிருந்தார். வகுப்பு நடந்துகொண்டிருந்ததாம். என்ன கோளாறு என்று ஆசிரியர் கேட்க, இவர் கரும்பலகையில் படம் போட்டுக் காட்ட ஆரம்பித்து, ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. "ஒரு மணி நேரம் பேசினேன் மாப்ளே" என்றார். "யாரும் குறுக்கே பேசலை." இதைச் சொன்னபோது அவர் முகத்தில் இருந்ததைப் பார்த்த பிறகு அந்த வேலை அவருக்குக் கிடைத்தே ஆக வேண்டும் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை துணிக்கடைக்குப் போனோம். மாமா நேராகப் போய் நாற்பத்திரண்டு என்று போட்டிருந்த அடுக்கிலிருந்து ஒன்றை உருவினார். பழைய சட்டையின் மேல் வைத்துப் பார்த்தால் அச்சாக அதே அளவு. என்னுடைய அளவும் நாற்பத்திரண்டுதான். அதனால் எனக்கு ஒன்றும் விபரீதமாகத் தெரியவில்லை. சட்டைப் பிரிவில் இருந்த பெண்தான் கேட்டாள்.

"யாருக்கு சார் இது?"

"எனக்குத்தான்."

"உங்களுக்கா?" அவள் சிரிக்கவில்லை, அதற்காகவே அவளுக்குப் புண்ணியம். "இப்ப போட்டிருக்கிறது யார் அளவு சார்?"

"அண்ணன் அளவு."

"அண்ணன் வர்றாரா? அவருக்கு வாங்கறீங்களா?"

"இல்லைம்மா. எனக்குத்தான்."

கழுத்தில் தொங்கிய டேப்பை எடுத்தாள். மாமா ஓர் அடி பின்னால் போனார். ஊசி போடுகிற நர்சைப் பார்த்த மாதிரி. "கையை லேசாத் தூக்குங்க சார்" என்றதும் தூக்கினார். டேப் மார்பைச் சுற்றி வந்தது. அவர் அப்படியே அசையாமல் நின்றார். அவள் எண்ணைப் படித்தாள், மறுபடி படித்தாள்.

"சார், மூச்சு விடுங்க."

"ஆடிடாதா?"

"நீங்க அடக்கினாத்தான் சார் தப்பா வரும்."

தராசுக்காரர் மூச்சை விட்டார். கழுத்து, தோள், தோளிலிருந்து மணிக்கட்டு என்று ஒவ்வொன்றாக அவள் அளந்து சொல்லச் சொல்ல, அவர் அந்த எண்களை வாய்க்குள் திருப்பிச் சொல்லிக்கொண்டார். பிறகு என்னிடம் மெதுவாக, "ரெண்டு கையும் ஒரே நீளம் இல்லையாம் மாப்ளே. வலது கை கால் அங்குலம் கூடவாம்" என்றார். ஏதோ பரீட்சையில் மார்க்கு வந்த மாதிரி ஒரு சந்தோஷம்.

"முப்பத்தெட்டு சார் உங்களுக்கு. நீங்க நாலு கூடப் போட்டுட்டு இருக்கீங்க."

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு, சட்டை எம்மாத்திரம் என்றேன். என்னை யாரும் கவனிக்கவில்லை. பெரியவருக்கு எப்படி நாற்பத்திரண்டு போதும் என்று அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. அவரை நினைத்தாலே எனக்கு வேறு எதுவும் தோன்றாது, கோபம்தான் வரும்.

முதலில் முப்பத்தெட்டில் ஒட்டித் தைத்த ரகம் ஒன்றைக் கொடுத்தாள். நின்றால் அழகாக இருந்தது. உட்காரச் சொன்னாள். உட்கார்ந்ததும் இரண்டு பொத்தானுக்கு நடுவே சட்டை வாயைத் திறந்தது. "இன்டர்வியூல உட்காரச் சொல்வாங்கல்ல சார், வேண்டாம்" என்று வாங்கி வைத்துவிட்டாள். இன்னொன்று உடம்புக்குச் சரி, கை மட்டும் உள்ளங்கை வரைக்கும் வந்தது. மாமாவின் விரல்கள் தாமாகவே அதை மடிக்கப் போயின.

"மடிக்காதீங்க சார். மடிச்சாத்தான் சரியா இருக்கும்னா அது உங்க சட்டை இல்லை."

அவர் கையை எடுத்துக்கொண்டார்.

நாலாவது சட்டை வெளிர்நீலம். தையல் தோள் எலும்பு முடிகிற இடத்தில் வந்து உட்கார்ந்தது. காலர் பொத்தானைப் போட்டுவிட்டு அவள் இரண்டு விரலை உள்ளே விடச் சொன்னாள், போனது. இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கச் சொன்னாள். சட்டை பேன்ட்டை விட்டு வெளியே வரவில்லை. உட்கார்ந்தார், பொத்தான்கள் வாயை மூடிக்கொண்டிருந்தன. கையின் பட்டை மணிக்கட்டு எலும்பைத் தொட்டு நின்றது.

மாமா கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றார். மெலிந்த மனுஷன் என்றுதான் இத்தனை நாளும் அவரைப் பற்றி நினைத்திருந்தேன். மெலிந்தவர் இல்லை. அளவான ஆள். தோள் நேராக இருந்தது. அவர் தன்னைப் பார்த்துக்கொண்டே நின்ற நேரம் கொஞ்சம் அதிகம். அந்தப் பெண் நாகரிகமாக வேறு பக்கம் திரும்பி, கழற்றிப்போட்ட சட்டைகளுக்கு ஊசி குத்திக்கொண்டிருந்தாள்.

"யாரோ மாதிரி இருக்கேன்" என்றார்.

"நல்லா இருக்கீங்க மாமா" என்றேன். கேலிக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

சட்டை என் வீட்டு அலமாரியில் தொங்கியது. ஒருமுறை நனைத்துக் காயவைத்து இஸ்திரியும் போட்டாயிற்று. சட்டைக்கு வேலை முடிந்தது, ஆளுக்கு முடியவில்லை. தினமும் சாயங்காலம் கேட்பேன்.

"சொன்னீங்களா மாமா?"

"இன்னைக்கு அண்ணனுக்குத் தலைவலி."

மறுநாள், "இன்னைக்குக் கூட்டம்." அதற்கு மறுநாள், "அண்ணன் நல்ல சந்தோஷமா இருந்தார். அதைக் கெடுக்கணுமான்னு." தலைவலியும் ஆகாது, சந்தோஷமும் ஆகாது என்றால் அண்ணன் எப்படித்தான் இருக்க வேண்டும்?

ஒரு நாள் வெடித்துவிட்டேன். "சட்டை உங்க அளவுக்கு வந்தாச்சு. வாய் எப்ப வரும்?"

அவர் கோபப்படவில்லை. "கடை அண்ணனோட உயிர் மாப்ளே. எலெக்ட்ரானிக் தராசை அவருக்குத் திறக்கக்கூடத் தெரியாது. நான் போயிட்டா அந்த மேசைல உட்கார்ந்து யார்கிட்ட என்ன பேசுவார்? முப்பத்துநாலு வருஷம். போறேன்னு எப்படிச் சொல்றது?" என்றார்.

பதினொன்றாவது நாள் இரவும் சொல்லவில்லை. பன்னிரண்டாவது நாள் காலை ஏழு மணிக்கு என் வீட்டுக்கு வந்தார். குளித்து, தலைவாரி, வெளிர்நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டார். தேர்வு பதினோரு மணிக்கு.

"வா, கடைக்குப் போகலாம்" என்றார். "நீ பேசக் கூடாது. சும்மா பக்கத்துல நில்லு."

பெரியவர் அப்போதுதான் கடையைத் திறந்து மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார். திறந்த சட்டை, மடித்த கை, பழுப்பு நிறம். அந்த வருஷத்து ஆறு சட்டையில் ஒன்று. நிமிர்ந்து பார்த்தார். துடைக்கிற கை நின்றது.

மாமா பையில் இருந்த கடிதத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

பெரியவர் மேசையைச் சுற்றிக்கொண்டு வந்தார். இப்போது தெருவே கேட்கப் போகிறது என்று நான் தயாரானேன். அவர் தம்பியின் தோளில் தையல் நின்ற இடத்தை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார்.

"இது எங்க தைச்சது?"

"வாங்கினதுண்ணே."

"யார் அளவு?"

"என் அளவு."

"உன் அளவா? அப்ப நாம போடுறது?"

"அது உங்க அளவு."

"என்னது?"

"உங்க அளவுதானேண்ணே. எனக்குத்தான் கொஞ்சம் பெரிசு. அதான் மடிச்சு..."

பெரியவர் தன் சட்டைக் கையின் மடிப்பை ஒவ்வொன்றாகப் பிரித்தார். கையை நீட்டினார். மணிக்கட்டுக்கு நாலு விரல் மேலேயே சட்டை முடிந்துபோயிருந்தது. பிறகு இரண்டு முன்பக்கத்தையும் பிடித்து இழுத்தார். பொத்தானுக்கும் ஓட்டைக்கும் நடுவே ஒரு சாண்.

"இது என் அளவாடா? நல்லாப் பாரு. முப்பது வருஷமா எனக்குப் பொத்தான் போட முடியலை. புழுக்கம்னு உங்க அண்ணிகிட்டயே பொய் சொல்லிட்டு இருக்கேன். உன் அளவுன்னுல்ல நினைச்சேன்! தம்பிக்குச் சரியா இருக்கு, எனக்காக மாத்தப்போனா அவனுக்குக் கெட்டுடும்னு..."

மாமா அண்ணனின் குட்டைக் கையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். திமிர் என்று நான் பேர் வைத்திருந்தது இந்த நாலு விரல் துணிக்குறைதான்.

"அப்ப இது யார் அளவுண்ணே?"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு என்ன தெரியும்? இரண்டு கடை தள்ளி இருந்த தையல்காரரைக் கூப்பிட ஓடினேன். நான் சொன்ன அவசரத்தில் அவர் அளவுச் சட்டையைப் பொட்டலத்தோடு தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். செய்தித்தாளைப் பிரித்தார். சாம்பல் நிறச் சட்டை. மடிப்பு விழுந்த இடமெல்லாம் வெளுத்திருந்தது.

"உங்க அம்மா கொடுத்ததுதான்" என்றார் தையல்காரர். "உங்க அப்பா தவறின வருஷம். பிள்ளைங்க ரெண்டு பேரும் அவர் உசரத்துக்கு வளர்ந்துடுவாங்க, இந்த அளவுக்கே தைச்சுடுங்கன்னாங்க. அப்புறம் அம்மாவும் ஒண்ணும் சொல்லலை, நீங்களும் ஒண்ணும் சொல்லலை. கொடுத்த அளவுக்குத் தைக்கிறவன் நான். போடறவங்களே சும்மா இருக்கும்போது எனக்கென்ன?"

"நீங்களாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?" என்றேன்.

"கேட்டேனே. சட்டை எப்படி இருக்குன்னு வருஷா வருஷம் கேட்டேன். ரெண்டு பேரும் ஜோரா இருக்குன்னாங்க."

பெரியவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வயிறு குலுங்கக் குலுங்கச் சிரித்தார். மாமாவும் சிரித்தார். ஒருவன் வளர்ந்தது போதவில்லை, இன்னொருவன் வளர்ந்து தாண்டிவிட்டான். பெற்றவர் மட்டும் அலமாரிக்குள் அதே அளவில் இருந்திருக்கிறார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு பெரியவர், "மாப்ளே, நீ போட்டுக் காட்டு. யாருக்காவது இது பொருந்துதான்னு பார்ப்போம்" என்றார்.

விளையாட்டாகத்தான் போட்டேன். பொத்தான் போட்டேன். கையை இறக்கிவிட்டேன். அச்சு அசலாக என் அளவு. ஏதோ சொல்லிச் சிரிக்கலாம் என்று திரும்பினேன். இரண்டு பேரும் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். என் முகத்தைப் பார்க்கவில்லை. தோளை, மார்பை, கை நீளத்தைப் பார்த்தார்கள்.

"அப்பா இவ்வளவுதானா இருந்தார்?" என்றார் பெரியவர்.

"பெரிய ஆளா இருந்தாரேண்ணே."

"நாம சின்னவங்களா இருந்தோம்டா."

தையல்காரர் பொட்டலத் தாளை மடித்துக்கொண்டு சத்தமில்லாமல் போய்விட்டார். நானும் சட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்தேன். அதைப் போட்டுக்கொண்டு நிற்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

அப்போதுதான் பெரியவருக்கு ஞாபகம் வந்தது. "அது சரி, நீ எதுக்கு இன்னைக்குப் புதுச்சட்டை போட்டிருக்கே?"

மணி ஒன்பதே முக்கால். மாமா கடிதத்தை எடுத்து மேசையில் வைத்தார். பெரியவர் படித்தார். அவர் உதடு அசைந்தது, குரல் வரவில்லை. அந்தக் குரல் வராமல் இருந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"எத்தனை நாளா இந்த நினைப்பு?"

"ஆறு மாசமா" என்றார் மாமா. பிறகு, "இல்லேண்ணே. ரொம்ப வருஷமா" என்றார்.

"ஏன் சொல்லலை?"

"கடை உங்க உயிர். விட்டுட்டுப் போறேன்னு எப்படி..."

பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்தார். மேசையில் கிடந்த சாம்பல் நிறச் சட்டையின் காலரை நிமிர்த்தி வைத்தார்.

"அப்பா தவறின அந்த வருஷம் எனக்கு ரயில்ல வேலை வந்தது. உனக்குத் தெரியாது. கார்டு வேலை. விசில் ஊதிக்கிட்டு ஊர் ஊராப் போற வேலை. எனக்கு அது எவ்வளவு ஆசை தெரியுமா? ஆர்டரை எடுத்துட்டு கடைக்கு வந்தா, நீ பள்ளிக்கூடம் விட்டு வந்து இந்தப் பின்னறைல உட்கார்ந்து அப்பாவோட தராசைப் பிரிச்சுட்டு இருந்தே. அழுதுட்டே பிரிச்சுட்டு இருந்தே. கடையை மூடினா இவன் உடைஞ்சுபோயிடுவான்னு நினைச்சேன். அதான் நான் இங்கேயே உட்கார்ந்துட்டேன்." காலரை இன்னொருமுறை நீவினார். "கடையும் உன் அளவுன்னுதான்டா நினைச்சேன்."

"நான் உங்க அளவுன்னு நினைச்சேண்ணே."

இத்தனை வருஷம் மனசுக்குள் பெரியவரைத் திட்டிய திட்டையெல்லாம் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியாமல் நான் நின்றேன். வெட்கமாக இருந்தது.

பெரியவர் கடைப் பெயர் அச்சிட்ட தாள் ஒன்றை எடுத்தார். பேனாவை உதறினார். அவர் எழுதியதை நான் தோளுக்குப் பின்னால் நின்று படித்தேன். இன்றைக்கும் மனப்பாடம். 'இவர் இந்தக் கடையில் முப்பத்துநாலு வருஷமாக வேலை பார்க்கிறார். இந்தக் கடையில் சரியான தராசு எல்லாம் இவர் சரி செய்தது. நான் பேசினேன், அவ்வளவுதான். இவர் பேசினால் கேளுங்கள்.' கையெழுத்துப் போட்டு, கடை முத்திரையை ஓங்கிக் குத்தினார். இதெல்லாம் ஒரு சான்றா, அலுவலகத்தில் இப்படியா எழுதுவார்கள் என்று குமாஸ்தாவான எனக்கு ஒரு நிமிஷம் தோன்றியது. வாயை மூடிக்கொண்டேன்.

மாமா தாளை வாங்கினார். மடித்துப் பையில் வைக்கும்போது இடது கைப் பட்டையின் பொத்தான் கழன்றுவிட்டது. போடப் பார்த்தார், வரவில்லை. பெரியவர் எழுந்து வந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் விரல்கள் தடி தடியானவை, அதிலும் முப்பது வருஷமாகப் பொத்தான் போட்டுப் பழக்கமில்லாதவை. மூன்று தடவை நழுவியது. நாலாவது தடவை போட்டுவிட்டார்.

அந்த வேலை மாமாவுக்குக் கிடைத்தது. அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், நீங்கள் அதை நினைத்துக்கொண்டே இருக்க வேண்டாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெரியவரையும் அதே கடைக்குக் கூட்டிப்போனோம், நாற்பத்தாறு. அந்தப் பெண் டேப்பைச் சுற்றும்போது அவரும் மூச்சை அடக்கிக்கொண்டுதான் நின்றார். ஆனால் எனக்கு இன்றும் கண்ணில் நிற்பது அந்தக் காலை நேரம்தான்.

மாமா படியிறங்கித் தெருவில் நடந்தார். கூட வரவேண்டாம் என்று என்னை நிறுத்திவிட்டார். பத்தடி போனதும் பழக்கதோஷம், வலது கை தானாக இடது மணிக்கட்டுக்குப் போனது. பெரியவர் கடைவாசலுக்கு ஓடிவந்தார். போன குரல் திரும்பி வந்தது. தெருவே திரும்பிப் பார்த்தது.

"டேய்! கையை மடிச்சிடாதே!"

மாமா கையைக் கீழே விட்டுவிட்டு நடந்தார்.